பழைய துண்டைக் கிழிக்கும் முன்: பலரும் செய்கிற தவறுகள்

துண்டு நைந்துவிட்டது என்றதும் கத்தரிக்கோலைத் தேடுவதுதான் முதல் தவறு. தட்டையாக நெய்த மெல்லிய ஈரிழைத் துண்டும், நூல் சுருள்கள் பூப்போல மேலே நிற்கும் தேங்காய்ப்பூ துண்டும் ஒன்றல்ல. பருத்தியும் பாலியஸ்டர் கலந்ததும் ஒன்றல்ல. எது எதுவென்று பார்க்காமல் கிழித்தால், சூட்டில் உருகும் துணி அடுப்படிக்கும், தண்ணீரே இழுக்காத துணி தரை துடைக்கவும் போய்ச் சேரும்.

பார்ப்பது சுலபம். ஓரத்தில் நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாகிவிடும். மணி தட்டுப்பட்டால் அந்தத் துண்டைச் சூடான பாத்திரம் பிடிக்கும் கரித்துணியாக்கவே கூடாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் கரித்துணிக்கு வேலை அதிகம். களி கிண்டும்போது ஒரு கை துடுப்பைச் சுழற்ற, மறு கை பாத்திரத்தை நெடுநேரம் இறுக்கிப் பிடித்திருக்கும். அதற்கு நைந்த துணியின் ஒற்றை மடிப்பு போதாது. துண்டின் நடுப்பகுதிதான் முதலில் தேயும். கனம் மிச்சமிருப்பது இரண்டு முனைகளில். அங்கிருந்து 20 செ.மீ. சதுரமாக நான்கு துண்டுகள் வெட்டி அடுக்கி, சுற்றிலும் தைத்து, குறுக்கே பெருக்கல் குறிபோல இன்னொரு தையல் போடுங்கள். குறுக்குத் தையலை விட்டுவிட்டால் உள்ளே அடுக்குகள் நழுவி, உள்ளங்கைக்குக் கீழே ஒரே மடிப்புதான் நிற்கும். அப்போதுதான் கை சுடுகிறது.

ஈரத்துணி சூடு தாங்கும் என்று நினைத்துக் கரித்துணியை நனைத்துக்கொள்வது இன்னும் ஆபத்து. தேங்காய்ப்பூ இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் சூடு சட்டென்று கைக்கு வரும், ஆவியும் சேர்ந்து சுடும். கரித்துணி எப்போதும் காய்ந்தே இருக்க வேண்டும்.

துடைக்கும் துணிக்கு வருவோம். உப்புத் தண்ணீரில் சோப்புக்கட்டி போட்டுத் துவைத்த துண்டு பலகைபோல விறைத்திருக்கும். தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்து இழையில் படிவதால் வருவது அது. ‘இனி இது உதவாது’ என்று தூக்கிப் போடத் தேவையில்லை. 10 லிட்டர் தண்ணீரில் 200 மி.லி. வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, கடைசி அலசலை மட்டும் ஒகேனக்கல் திட்டக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரிலோ மழைநீரிலோ செய்தால் இழை தளரும். மிருதுவாக்கும் திரவம் ஊற்றினால் துணி தொடுவதற்கு இதமாக இருக்கும், ஆனால் ஈரத்தைச் சரியாக இழுக்காது. வினிகரோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், பூட்டிய குளியலறையில் அது மூச்சுக்கே ஆபத்து.

75-க்கு 150 செ.மீ. துண்டை அகலத்தில் இரண்டாக, நீளத்தில் நான்காக வெட்டினால் எட்டு சதுரங்கள் வரும். வெட்டின ஓரத்தை மடிக்காமல் துவைத்தால் பூ உதிர்ந்து வாஷிங்மெஷின் வடிகட்டியை அடைத்துவிடும். ஒரு செ.மீ. அளவில் இரண்டு மடிப்பு மடித்துத் தையுங்கள். தைக்கும் முன் வெளியில் நன்றாக உதறிவிடுங்கள்.

சாப்பாட்டுப் பொருளுக்குத் தேங்காய்ப்பூ துண்டு ஆகவே ஆகாது. கேழ்வரகை முளைகட்டினால் வேர் இழைக்குள் மாட்டிக்கொண்டு உருவ வராது, துணியும் புளித்த வாடை பிடிக்கும். மாங்காய் ஊறுகாய் ஜாடியின் வாயை மூடி வேடு கட்டினால் பூ உள்ளே உதிரும். இரண்டுக்கும் கொதிநீரில் அலசிக் காயவைத்த ஈரிழைத் துண்டுதான் சரி. தேங்காய்ப்பூவின் கனம் உதவுவது சும்மாட்டுக்கு: மாங்கூடை சுமக்கும் தலைக்கு அதைவிட மெத்தென்று வேறொன்று கிடைக்காது.

குளியலறை வாசலில் வெறும் துண்டை மிதியடியாகப் போடாதீர்கள். ஈர டைல்ஸில் அது காலோடு சறுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அடியில் ரப்பர் விரிப்பு இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

கதவு, ஜன்னலுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடுவதும் பெரிய தவறு. அந்த எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிக் கிடக்கும் துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கலாம். வெளியில் விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள். பெட்ரோல், தின்னர் தொட்ட துணியை வாஷிங்மெஷினில் போடவே கூடாது.

மாங்கன்றின் அடியில் மூடாக்காகப் பழைய துண்டை விரிக்கிறவர்களும் உண்டு. பருத்தி என்றால் கறையானுக்கு அதுவே தீனி, அப்படியே கன்றின் பட்டைக்கும் ஏறும். அங்கே காய்ந்த சருகை, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்பினால் போதும்.