சொல்லாமல் விட்ட ஊகத்தைப் பிடிப்பது எப்படி?

போன குறுவை நெல்லில் அப்பா ஒரு வயலில் மட்டும் அசோலா என்ற, நீரில் மிதக்கும் சிறு பெரணியை விட்டார். அதில் ஒரு மா நிலத்துக்கு இரண்டு மூட்டை கூடுதலாகக் கண்டது. “எல்லாம் அசோலா செய்த வேலை” என்றார். நான் அப்போது போட்டித்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ‘இந்த வாதத்தில் மறைந்துள்ள ஊகம் எது?’ என்ற கேள்விகளில் பாதிக்குப் பாதி தப்பு. அப்பா பேச்சை வைத்துத்தான் எனக்கு வழி பிடிபட்டது.

படி 1: பார்த்தது ஒரு வரி, முடிவு ஒரு வரி என்று எழுதுங்கள். பென்சிலும் பழைய நோட்டும் போதும். தேர்வுச் செயலிகளை நான் நம்புவதில்லை. விடையைக் காட்டும், வழியைக் காட்டாது.

படி 2: பார்த்ததில் இல்லாமல் முடிவில் மட்டும் முளைத்த சொல்லைக் கோடிடுங்கள். ‘கூடுதலாகக் கண்டது’ என்பது பார்த்தது. ‘அசோலாவால்’ என்பது முளைத்தது. ஊகம் இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கும்: கூடுதலுக்குக் காரணமாகக்கூடிய வேறு வித்தியாசம் எதுவும் இரு வயல்களுக்கும் நடுவே இல்லை.

படி 3: அதை மறுத்துப் பாருங்கள். வாதம் சரிந்தால் அது ஊகம். அசோலா விட்டது தண்ணீர் முதலில் பாயும் தலைமடை வயல், விடாதது கடைசியில் பாயும் கடைமடை. சரிந்தது! அசோலாவின் இலைக்குள் வாழும் அனபீனா என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் என்பது உண்மைதான். ஆனால் இந்த இரண்டு மூட்டை அதனால்தான் என்று அது சொல்லிவிடாது.

நான் வழுக்கி விழுந்தது இந்த மறுப்பில்தான். ‘எல்லா வயலிலும் அசோலா விளைச்சலைக் கூட்டும்’ என்று ஒரு விடை இருக்கிறது என்று வையுங்கள். இதை ‘எந்த வயலிலும் கூட்டாது’ என்று மறுத்தேன். அப்பா வாதம் விழுந்தது, ஊகம் என்று குறித்தேன். தப்பு. ‘எல்லாம்’ என்பதன் மறுப்பு ‘எதுவும் இல்லை’ அல்ல, ‘ஏதோ ஒன்றிலாவது இல்லை’ என்பதுதான். எங்கோ ஒரு வயலில் கூட்டாமல் போனால் எங்கள் வயலுக்கு என்ன? வாதம் அப்படியே நிற்கும். மறுப்பை மிகைப்படுத்தினால் கண்ட வாக்கியமெல்லாம் ஊகமாகத் தெரியும்.

பழக ஒரு நல்ல உதாரணம், வான் ஹெல்மான்ட் என்ற வேதியியலாளர் செய்த சோதனை. 1648இல் வெளிவந்த அவர் நூலில் இருக்கிறது. தொட்டியில் 200 பவுண்டு மண், 5 பவுண்டு வில்லோக் கன்று; ஊற்றியது தண்ணீர் மட்டும். ஐந்து ஆண்டில் மரம் 169 பவுண்டு, மண்ணில் குறைந்ததோ இரண்டு அவுன்ஸ். மரம் முழுக்கத் தண்ணீரே என்று முடித்தார். தூசி விழக்கூடாதென்று தொட்டிக்கு மூடிகூடப் போட்ட மனிதர், மரம் காற்றிலிருந்தும் எடை சேர்க்கும் என்பதை விட்டுவிட்டார். ‘கேஸ்’ என்ற சொல்லை உண்டாக்கியவரே அவர்தான்!

பின்சேர்க்கை: ‘ஒரே வயலை வரப்பு கட்டி இரண்டாக்கி, எந்தப் பாதியில் அசோலா என்று காசு சுண்டி முடிவு செய்யுங்கள்’ என்று முன்பு எழுதியிருந்தேன். மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டார்: “தம்பி, மடை திறந்தால் அசோலா மிதந்து அந்தப் பாதிக்குப் போகாதா?” அதுவும் நான் சொல்லாமல் வைத்திருந்த ஊகம்தான். இந்தக் குறுவைக்கு அப்பா மடைவாயில் பழைய கொசுவலை கட்டியிருக்கிறார்.