ட்ராஃப்டின்னா காத்தோட்டம்னு அர்த்தம் இல்லைங்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை ஹோம்ஸ்டேயா மாத்தி ஆன்லைன்ல போடுறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா இங்கிலீஷ்ல வீட்டைப் பத்தி எழுதும்போது "ட்ராஃப்டி ரூம்ஸ்"னு மட்டும் தயவுசெஞ்சு போட்டுறாதீங்க. காத்து வர்ற ரூம்னுதானே அர்த்தம், நம்ம ஊரு வெயிலுக்கு இதைவிட என்ன பெருமைன்னு தோணும். அது பாராட்டு இல்லைங்க, புகார்.

இங்கிலாந்துல குளிர்காலத்துல ஜன்னல் இடுக்கு, கதவுக்கு அடியில இருக்கிற சந்து, பழைய சிம்னி இப்படி எது வழியாவது குளிர்காத்து உள்ள பூந்து கணுக்கால்ல சுருக்குனு அடிக்கும், ஹீட்டர் போட்டாலும் ரூம் சூடே ஆகாது, அந்த மாதிரி ரூமைத்தான் ட்ராஃப்டினு சொல்வாங்க. அந்தக் காத்தைத் தடுக்கவே துணில நீளமா, ஒல்லியா ஒரு தலகாணி தச்சு கதவடியில போட்டு வைப்பாங்க, அதுக்குப் பேரு ட்ராஃப்ட் எக்ஸ்க்ளூடர். அதாவது வேண்டாத காத்து, அடைக்க வேண்டிய ஓட்டை. நம்ம வீடு அப்படியா? முகப்புல நின்னா பின்கட்டு வரைக்கும் கதவுக்கு நேரா கதவு, நடுவுல வளவு வானத்தைப் பாத்துத் தொறந்து கிடக்கு, காத்து வரணும்னே கட்டுன வீட்டுக்கு ப்ரீஸி, வெல் வென்டிலேட்டட் இதெல்லாம்தான் பொருத்தம்.

அடுத்தது ஏசி. லாட்ஜ்ல ஏசிய 18ல வச்சுட்டு நடுங்கிக்கிட்டே "ரூம் ட்ராஃப்டி"ன்னா சரியா வராது, ஜன்னலெல்லாம் இறுக்கி மூடுன ரூம் அது, சில்லி இல்லன்னா ஃப்ரீஸிங்னு சொல்லுங்க. ஆளுக்கும் இந்த வார்த்தை ஆகாது. "ஐ ஆம் ட்ராஃப்டி" தப்பு, "ஐ கேன் ஃபீல் எ ட்ராஃப்ட்" சரி. ஆடிக் காத்துல ரோட்டுல புழுதி பறந்தா அது விண்டி, ட்ராஃப்டி கட்டடத்துக்குத்தான், வீடு, ஹால், சர்ச், காரிடார் இப்படி.

ஸ்பெல்லிங்லதான் ரொம்பப் பேரு தடுக்கி விழுறாங்க. பிரிட்டிஷ்காரங்க டி-ஆர்-ஏ-யு-ஜி-எச்-டி-ஒய்னு எழுதுவாங்க, ஜி-எச் இங்க ஃப் சத்தம், லாஃப்ல வர்ற மாதிரி. கடைசி ஒய்-ய எடுத்துட்டு அந்த ஏ இருக்கிற இடத்துல ஓ போட்டா ட்ரவுட், வறட்சி! நம்ம சிவகங்கைச் சீமைல பேப்பர்ல பாத்துப் பாத்துப் பழகுன வார்த்தை அதுதான், அதனால கை தானா அங்க போயிரும். அமெரிக்காவுல சுருக்கமா டி-ஆர்-ஏ-எஃப்-டி-ஒய். ரெண்டுல எதுவும் எழுதலாம், ஒரே பக்கத்துல கலக்க வேணாம்.

மார்கழில தங்கிட்டுப் போன வெளிநாட்டு கெஸ்ட் ரிவ்யூல "பெட்ரூம் வாஸ் ட்ராஃப்டி"ன்னு எழுதியிருந்தா கீழ தேங்க் யூ போட்டுட்டு விட்டுராதீங்க, அந்த ரூம்ல தேக்கு ஜன்னல் கதவு நல்லா பொருந்தி மூடுதா, கொக்கி சரியா விழுதானு ஆசாரிய வரச்சொல்லிப் பாருங்க.