செல்ஃபியையும் புகைப்படக் கலைஞரின் சுய உருவப்படத்தையும் ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

"ரெண்டுலயும் தன்னைத்தானே எடுத்துக்கறாங்க, அப்புறம் என்ன வித்தியாசம்?" என்று ஆரம்பித்தால் ஒப்பீடு அங்கேயே தடம் மாறிவிடும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சிண்டி ஷெர்மன் 1977 முதல் 1980 வரை எடுத்த 'அன்டைட்டில்டு ஃபிலிம் ஸ்டில்ஸ்' (தலைப்பில்லாத சினிமாக் காட்சிகள்) தொடர் முழுக்க வேடமிட்டு நிற்பது அவர்தான், ஆனால் 1979-இல் அரிசோனாவில் எடுத்த 48-ஆம் எண் படத்துக்கு ஷட்டரை அழுத்தியது அவருடைய அப்பா. அந்தப் படத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆள் நடமாட்டமில்லாத சாலையோரம், கட்டம் போட்ட பாவாடை, பக்கத்தில் ஒரு பெட்டி, நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண். முகமே தெரியாது. செல்ஃபியில் முகம் விழாவிட்டால் உடனே அழித்துவிட்டு வேறு எடுப்போம். இங்கோ முகம் தெரியாததால்தான் யார் இவள், எங்கே கிளம்பிவிட்டாள், வருகிற வண்டியில் யார் இருப்பார்களோ என்று மனசு பதறுகிறது. யார் எடுத்தார் என்பதை விடுங்கள், யாராக நிற்கிறார் என்று கேளுங்கள்.

அடுத்த தவறு, கலைஞரின் படத்தை அவருடைய டைரியாக வாசிப்பது. ஃபிரான்ஸின் புகைப்பட முன்னோடி ஹிப்போலிட் பயார்ட் 1840-லேயே தன்னை நீரில் மூழ்கி இறந்தவராகப் படம் எடுத்து, பின்பக்கத்தில் அந்தச் சாவைப் பற்றிக் குறிப்பும் எழுதினார். புகைப்பட முறையைக் கண்டுபிடித்ததற்காக இன்னொரு முன்னோடியான தாகேருக்குக் கிடைத்த அரசு அங்கீகாரம் தனக்குக் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் அது. மனிதர் 1887 வரை வாழ்ந்தார்!

அதற்காகச் செல்ஃபி என்றால் அப்படியே உண்மை என்றும் நினைக்க வேண்டாம். போனைக் கை நீளத்தில் பிடிப்பதால் மூக்கு கொஞ்சம் பெரிதாகத் தெரியும், திரையில் பார்ப்பது பெரும்பாலும் கண்ணாடி பிம்பம், ஜன்னல் பக்கம் திரும்பி இருபது எடுத்து ஒன்றைத்தான் அனுப்புகிறோம். அதுவும் அமைத்து எடுத்ததுதான்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது, கலைக்கூடத்து அளவுகோலை வைத்துச் செல்ஃபியை மட்டம் தட்டுவது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்த சிநேகிதி அனுப்பும் மங்கலான, பாதி நெற்றி வெட்டுப்பட்ட செல்ஃபியில் ஒளி சரியில்லை என்று யாராவது சொல்வார்களா? "நான் இருக்கேன்" என்று, தன்னைத் தெரிந்தவர்களுக்கு அவள் சொல்லியாகிவிட்டது. ஷெர்மனின் படமோ அவரைத் தெரியாதவரிடமும் பேசியாக வேண்டும்.

சரி, எல்லாப் படத்தையும் இப்படி இரண்டு பக்கமாகப் பிரித்துவிடலாமா என்றால், அதுவும் அவசரம்தான். சாமுவேல் ஃபோஸோ 1975-இல், 13 வயதில், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகரான பாங்கியில் ஸ்டூடியோ திறந்தார். பகலில் வாடிக்கையாளர்களை எடுத்துவிட்டு, ரோலில் மிஞ்சிய ஃபிலிமை வீணாக்காமல் விதவிதமாக உடுத்தித் தன்னையே எடுத்துக்கொள்வார். நைஜீரியாவில் இருந்த பாட்டிக்கு 'நல்லா இருக்கேன்' என்று அனுப்பத்தான் அதைத் தொடங்கினார். பிற்பாடு கலைக்கூடச் சுவர்களுக்குப் போனவையும் அந்தப் படங்கள்தான்.