முதலுதவி: எதை, எத்தனை நிமிடம்?

வெட்டுக்காயத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும், தீக்காயத்தில் தண்ணீர் விட வேண்டும் என்பது அநேகமாக எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அழுத்திய கை அரை நிமிடத்தில் விலகிவிடுகிறது. குழாயடியில் நீட்டிய கை ஒரு நிமிடத்தில் திரும்பிவிடுகிறது. வீட்டிலும் வேலையிடத்திலும் முதலுதவி வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் இங்கே ஒவ்வொரு செயலோடும் அதற்கான நேரக் கணக்கைச் சேர்த்தே சொல்கிறோம். கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாகத் தெரியும். மனக்கணக்கை நம்ப முடியாது.

அடிபட்டவரைத் தொடுவதற்கு முன் இரண்டு மூச்சு நேரம் நின்று சுற்றிலும் பாருங்கள். மின்சாரம் தாக்கியவரைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ ஒருவர் மயங்கிக் கிடந்தால், மூச்சுக்கருவியும் பயிற்சியும் இல்லாமல் இறங்கவே கூடாது. அவரை வீழ்த்திய வாயு அங்கேயேதான் இருக்கிறது; தூக்கப் போனவரும் சில நொடிகளில் விழுந்துவிடுவார்.

ரத்தப்போக்கு: 10 நிமிடம், எட்டிப் பார்க்காமல்

கையுறை இருந்தால் போடுங்கள்; இல்லையென்றால் சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். காஸ் துணியோ, துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியோ போதும். பஞ்சை நேரடியாக வைக்க வேண்டாம், அதன் நார் காயத்தில் ஒட்டிக்கொள்ளும். துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் உடல் எடை இறங்கும்படி அழுத்துங்கள். அடிபட்டவரைப் படுக்க வையுங்கள். நின்றுகொண்டிருந்தால் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு.

இனி 10 நிமிடம் கை அசையக் கூடாது. வெட்டுப்பட்ட ரத்தக்குழாயின் வாயில் ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒரு மெல்லிய அடைப்பை உண்டாக்குகின்றன. அதன்மேல் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலைபோலப் பின்னி இறுக்குகின்றன. நின்றுவிட்டதா என்று இரண்டாவது நிமிடத்தில் துணியைத் தூக்கிப் பார்த்தால், அரைகுறையாக உறைந்த அந்த அடைப்பு துணியோடு பெயர்ந்து வந்துவிடும். பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

துணி முழுக்க நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். அதுவும் நனைந்தால் அழுத்தம் சரியான இடத்தில் விழவில்லை என்று பொருள். அப்போது மட்டும் இரண்டையும் எடுத்து, ரத்தம் எந்தப் புள்ளியிலிருந்து வருகிறது என்று பார்த்து, அங்கேயே புதுத் துணியை வைத்து அழுத்த வேண்டும். கண்ணாடித் துண்டோ கம்பியோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். பல நேரம் அதுவேதான் அடைப்பாக இருந்து ரத்தத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். அதன் இரு பக்கமும் அழுத்தி, அசையாதபடி சுற்றிலும் துணி அணைகொடுத்துக் கட்டுங்கள்.

கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டு, அழுத்தியும் நிற்கவில்லையென்றால் டூர்னிகே எனப்படும் இறுக்குக் கட்டு தேவை. இயந்திரங்கள் ஓடும் வேலையிடத்தில் தயார்நிலையில் ஒன்று வாங்கி வைப்பதே நல்லது. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை அதிலுள்ள குச்சியைத் திருகுங்கள். கட்டுப்பட்டவர் வலியில் துடிப்பார். அதற்காகத் தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தை அந்தக் கட்டிலேயோ அவர் நெற்றியிலேயோ பேனாவால் எழுதுங்கள். அவிழ்ப்பது மருத்துவமனையின் வேலை. கயிறு, மின்கம்பி போன்ற மெல்லிய பொருள்கள் வேண்டாம். அவை தசையையும் நரம்பையும் அறுக்குமே தவிர, உள்ளே இருக்கும் தமனியை மூடாது.

விரல் துண்டாகிவிட்டால் முதலில் ஆளைக் கவனியுங்கள், பிறகு விரலை. ஈரமான காஸில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். பிறகு ஒட்டவைக்க முடியாது.

மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்கச் சொல்வது பழைய தவறு. ரத்தம் தொண்டை வழியாக வயிற்றுக்குப் போய் வாந்திதான் வரும். முன்னால் குனிந்து உட்கார்ந்து, எலும்புக்குக் கீழே உள்ள மென்மையான பகுதியை இறுகப் பிடித்து, வாயால் மூச்சுவிட வேண்டும். இதற்கும் 10 முதல் 15 நிமிடம், இடையில் விடாமல். 30 நிமிடத்துக்கு மேலும் நிற்காவிட்டால் மருத்துவமனை.

தீக்காயம்: 20 நிமிடம் ஓடும் நீர்

தோலைச் சுட்ட எண்ணெயோ நீராவியோ விலகிய பிறகும் சூடு திசுவுக்குள் தங்கி, உள்நோக்கி வேலை செய்துகொண்டே இருக்கும். அந்தச் சூட்டை வெளியே இழுக்கத்தான் தண்ணீர். எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள்; 20 நிமிடம் முழுதாக ஓடட்டும். உடனே செய்ய முடியாமல் போனாலும், சுட்டு 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. குழாய் இல்லாத இடத்தில் குவளையால் தொடர்ந்து ஊற்றலாம். அல்லது நனைத்த துணியை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிப் போடலாம்.

நீர் ஓடும்போதே மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அரை மணி நேரத்தில் விரல் வீங்கிவிட்டால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சூடான திரவம் ஊறிய துணியையும் களையுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காமல் விட்டு, சுற்றிலும் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். குழந்தையாக இருந்தால் காயத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள். குழந்தையின் உடல் சூடு வேகமாக இறங்கும். நடுங்கத் தொடங்கினால் நீரை நிறுத்திவிட வேண்டும்.

ஐஸ் வேண்டாம். அது ரத்தக்குழாய்களைச் சுருக்கி, பிழைக்கக்கூடிய திசுவையும் சாகடிக்கும். பற்பசை, எண்ணெய், மாவு எதுவும் வேண்டாம். அவை சூட்டை உள்ளே பூட்டி வைக்கும், காயத்தின் ஆழத்தையும் மறைக்கும். மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும்போது படும் வலி சுட்ட வலியைவிடக் கொடியது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். நீர் ஊற்றி முடிந்ததும், உணவைப் பொதியும் மெல்லிய பிளாஸ்டிக் தாளின் முதல் சுற்றைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்ததைக் காயத்தின் மேல் நீளவாக்கில் பரப்புங்கள். சுற்றி இறுக்கினால் வீக்கத்தில் நெரிக்கும்.

அடிபட்டவரின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடல் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். காயம் அதைவிடப் பெரிதாக இருந்தாலும், முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு ஆகிய இடங்களில் இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். மின்சாரக் காயம் வெளியே ஒரு புள்ளியாகத்தான் தெரியும்; உள்ளே தசை வெந்திருக்கலாம், இதயத்துடிப்பும் குழம்பியிருக்கலாம். அதைச் சிறிதென்று விட்டுவிடாதீர்கள்.

கண்ணில் ரசாயனம் தெறித்தால் அது என்னவென்று விசாரிக்கும் முன்பே கழுவத் தொடங்குங்கள். பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைச் சாய்த்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக நீர் ஓடட்டும். குறைந்தது 20 நிமிடம். சுண்ணாம்பு, சிமெண்ட், கழிவுக்குழாய் அடைப்பு நீக்கி போன்ற காரப்பொருள்கள் அமிலத்தைவிடக் கண்ணுக்குக் கொடியவை. அமிலம் மேற்புறப் புரதத்தை உறையவைத்துத் தனக்கே ஒரு தடுப்பை உண்டாக்கிக்கொள்ளும்; காரம் கொழுப்பைக் கரைத்து உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கழுவி முடிந்ததும், வலி இல்லையென்றாலும், கண் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மூச்சு நின்றால்: நிமிடத்துக்கு 100 முதல் 120 மார்பழுத்தம்

விழுந்து கிடப்பவரின் தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் தலையைப் பின்சாய்த்து, மோவாயை உயர்த்தி, மார்பு ஏறி இறங்குகிறதா என்று 10 நொடி பாருங்கள். அதற்கு மேல் பார்க்க வேண்டாம். தரையில் போட்ட மீன்போல அவ்வப்போது வாயைத் திறந்து மூடுவது மூச்சல்ல. இதயம் நின்ற சில நிமிடங்களுக்கு அப்படி இருக்கும். இதை மூச்சென்று நினைத்துக் காத்திருந்துதான் பலர் கைநழுவிப் போகிறார்கள். ஆம்புலன்ஸை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மெத்தையில் இருந்தால் தரைக்கு இறக்குங்கள். மெத்தை உங்கள் அழுத்தத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். அவர் மார்புக்குப் பக்கத்தில் மண்டியிடுங்கள். ஒரு உள்ளங்கையின் அடிமேட்டை மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் வைத்து, மறுகையை அதன்மேல் கோத்து, விரல்களை விலாவில் படாமல் தூக்கிக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது; தோள் கைகளுக்கு நேர் மேலே இருக்கட்டும். 5 முதல் 6 செ.மீ. இறங்கும்படி, நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழ விட வேண்டும். இதயத்தில் ரத்தம் நிரம்புவது அந்த மேலெழும் நேரத்தில்தான். பாதியிலேயே மறுபடி அழுத்தினால் காலிப் பையைப் பிழிவதுபோல் ஆகிவிடும்.

விலா எலும்பு உடையும் சத்தம் கேட்கலாம். நிறுத்தாதீர்கள், எலும்பு பிறகு கூடிவிடும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்துக்கு 2 முறை வாய்வழி மூச்சு கொடுக்கலாம். பழக்கமில்லாதவர் அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைக்கும் மட்டும் மூச்சு கொடுப்பது மிக முக்கியம். இரண்டு பேர் இருந்தால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். களைப்பு நமக்குத் தெரிவதற்கு முன்பே ஆழம் குறையத் தொடங்கிவிடுகிறது. ஏஇடி (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) வந்ததும் மார்பைத் துடைத்து உலரவைத்து, ஒரு ஒட்டுப்பட்டையை வலது காறையெலும்புக்குக் கீழும், மற்றதை இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டிலும் ஒட்டி, அது சொல்கிறபடி செய்யுங்கள்.

தொண்டையில் உணவு சிக்கியவர் இருமிக்கொண்டிருந்தால் தொட வேண்டாம். இருமலைவிட நல்ல உதவி இல்லை. குரலே எழவில்லையென்றால் முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை மேட்டால் 5 அடி. வரவில்லையென்றால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே மூடிய கைமுட்டியை வைத்து, உள்ளும் மேலுமாக 5 இழுப்பு. மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கர்ப்பிணிக்கு வயிற்றில் கூடாது, மார்பின் நடுவில். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ இருக்கும்படி பிடித்து முதுகில் 5 அடி. பிறகு திருப்பி, மார்பின் நடுவில் 5 அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தேடினால் இன்னும் உள்ளே போய்விடும். மயங்கிச் சரிந்தால் உடனே மார்பழுத்தத்தைத் தொடங்குங்கள்.

வலிப்பு வந்தவரைப் பிடித்து அமுக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது கொடுத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ ஆம்புலன்ஸ். வெட்டியிழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தொங்குதல், பேச்சு குழறுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். வாய்வழியே தண்ணீர்கூடத் தரக் கூடாது. அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டு எழுதுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு தொடங்குவது நீங்கள் கண்டுபிடித்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நலமாக இருந்த நேரத்திலிருந்து.

முதலுதவிப் பெட்டியில் கையுறை, காஸ், கிரேப் பேண்டேஜ், ஒட்டுநாடா, மழுங்கிய முனைக் கத்தரிக்கோல் ஆகியவற்றோடு ஒரு மார்க்கர் பேனாவும் கொஞ்சம் தாளும் கட்டாயம் இருக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்போது அந்தத் தாளில் நான்கு வரி இருந்தால் போதும்: எத்தனை மணிக்கு நடந்தது, என்ன செய்தீர்கள், எத்தனை மணியிலிருந்து, ஏதாவது மருந்தோ ஒவ்வாமையோ உண்டா. தாளை வருபவர் கையில் கொடுங்கள். அவர்கள் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்வரை காயத்தின் மேலிருக்கும் உங்கள் கையை எடுக்காதீர்கள்.