கண்மாய்க்கு ஏற்ற ரோகு: தாய்மீனை எப்படிப் பொறுக்குவது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும். பங்குனி, சித்திரையில் தரை தெரியும். விட்ட ரோகுக் கெண்டைக் குஞ்சுக்கு ஐந்தாறு மாதம்தான் கெடு. அதனால் இங்கே பார்க்க வேண்டியது ஆறாம் மாதத்து எடை. இரண்டு வயதில் ஆளை மலைக்க வைக்கும் மீனால் கண்மாயை ஏலம் எடுத்தவருக்கு ஒரு பயனும் இல்லை.

பெருசெல்லாம் சந்தைக்குப் போன பிறகு வலையில் மிஞ்சிய சிறுசுகளைத் தாய்மீனாக, அதாவது குஞ்சு எடுக்கும் ஆண், பெண் மீனாக, விட்டுவைப்பது முதல் தப்பு. மந்தமாக வளரும் மீனை நாமே பொறுக்கிப் பெருக்குகிறோம். இரண்டாவது தப்பு இதைவிட மோசம்: ஒரே ஈட்டுக் குஞ்சுகளில் பெரியதாக நாலைந்தை எடுத்து அவற்றையே மறுபடி சேர்ப்பது. ஆண் குறைந்தாலும் இதே கதிதான்: 20 பெண்ணுக்கு 2 ஆண் என்று விட்டால், மீன் 22 இருந்தாலும் மரபுக் கணக்கில் ஏழு மீன்தான். நெருங்கிய உறவுக் கலப்பு தலைமுறைக்கு 7 சதம் ஏறும். முட்டை பொரிப்பது குறையும், குஞ்சு கோணும், வளர்ச்சி நிற்கும். பழி தீவனத்தின் மேல் விழும்.

செட்டிநாட்டில் பங்காளிக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. குளத்துக்கும் அதே சட்டம் போடலாம். தாய்மீன்களை மூன்று வகையறாவாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றிலும் 10 ஜோடி. முதல் வகையறா ஆண் இரண்டாவதின் பெண்ணுக்கு, இரண்டாவதின் ஆண் மூன்றாவதுக்கு, மூன்றாவதின் ஆண் முதலாவதுக்கு. குஞ்சு தாயின் வகையறாவில் சேரும். 30 ஜோடியும் சமமாகக் குஞ்சு கொடுத்தால் உறவுக் கலப்பு தலைமுறைக்கு ஒரு சதத்துக்குள் நிற்கும்.

தொடக்க மீனை ஒரே பண்ணையில் வாங்காதீர்கள். புவனேஸ்வரத்து மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1992இல் நார்வேக்காரர்களோடு சேர்ந்து தொடங்கிய வேலையில் கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா என ஐந்து ஆற்று மீனோடு பண்ணை மீனையும் கலந்துதான் ஜெயந்தி ரோகு வந்தது. தலைமுறைக்கு 17 சதம் அளவுக்கு வளர்ச்சி கூடியது. அந்த ரோகு கிடைத்தால் அதிலிருந்தே தொடங்கலாம். முப்பாட்டன் காலத்து மீனோடு கலந்துவிட்டால் கொடுத்த காசு வீண்.

ஆடி, ஆவணியில் தாய்மீனுக்கு முட்டையிட வைக்கும் ஹார்மோன் ஊசி. ஆணின் மார்புத் துடுப்பை விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். வயிற்றை லேசாக அமுக்கினால் பால் வரும். பெண்ணுக்குத் துடுப்பு வழவழப்பு, வயிறு மெத்து, துவாரம் சிவந்து தடித்திருக்கும். ஊசி மருந்து ஓவாப்ரிம் என்றால் பெண்ணுக்குக் கிலோவுக்கு 0.3 முதல் 0.4 மில்லி, ஆணுக்கு 0.1 முதல் 0.2. வெயில் தாழ்ந்த பிறகு போட்டு, ஜோடிக்கு ஒரு ஹாப்பா (தண்ணீருக்குள் கட்டும் வலைத் தொட்டி) என்று தனித்தனியாக விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விட்டால் இரண்டு மூன்று ஆண்களே முட்டை முழுவதையும் சினைப்படுத்திவிடும். உங்கள் 30 ஜோடி காகிதத்தில்தான் இருக்கும். இன்னொரு கெண்டையான கட்லாவைப் பக்கத்தில் சேர்க்கவே கூடாது. கலப்புக்குஞ்சு சின்னதில் அடையாளம் தெரியாது.

முப்பது ஜோடிக்கும் இரண்டு மூன்று நாளுக்குள் ஊசி முடிய வேண்டும். பத்து நாள் முந்திப் பிறந்த குஞ்சு பெரிதாகத்தான் இருக்கும்; அது வயசு, ரத்தம் இல்லை. பொரித்த மூன்றாம் நாள் ஒவ்வொரு ஜோடியிலும் அதே கிண்ணத்தால் ஒரே அளவு அள்ளி, வகையறாவுக்கு ஒரு நாற்றங்காலில் விடுங்கள்.

விரலிக் குஞ்சு ஆனதும் அடையாளம்: முதல் வகையறாவுக்கு இடது வயிற்றுத் துடுப்பு, இரண்டாவதுக்கு வலது, மூன்றாவதுக்கு வெட்டு இல்லை. அடியோடு வெட்ட வேண்டும். நுனியைக் கத்தரித்தால் முளைத்துவிடும். அப்புறம் எல்லாமே மூன்றாம் வகையறா! வகையறாவுக்கு 300 வீதம் 900 குஞ்சையும் ஒரே குளத்தில் விடுங்கள். போர்த் தண்ணீர் இருந்தாலும் தீனி கண்மாய் மாதிரியே இருக்கட்டும்: சாணம், தவிடு, கடலைப் பிண்ணாக்கு. பெல்லட்டில் கொழுத்த மீன் செம்மண் கலங்கலிலும் முந்தும் என்று சொல்ல முடியாது.

ஆறாம் மாதம் ஒரு நாள் பட்டினி போட்டு நிறுங்கள். வகையறாவுக்கு எடையில் முந்திய 30 மீனை எடுங்கள். முதுகு வளைந்தது, செவுள் மூடி குட்டையானது தள்ளுபடி. இந்த வயதில் ஆண் பெண் தெரியாது, அதனால்தான் 10 ஜோடிக்கு 30 மீன். அவற்றுக்கு பிட் டேக் (உடலுக்குள் செலுத்தும் எண் சில்லு) போட்டு, எண், எடை, தேதி, வகையறா நாலையும் பேரேட்டில் ஏற்றுங்கள். வெட்டுத் தழும்பை நம்பி இரண்டு வருஷம் ஓட்ட முடியாது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? குளத்துச் சராசரி 250 கிராம், பொறுக்கியவற்றின் சராசரி 350 என்றால் வித்தியாசம் 100. அதில் பிள்ளைகளுக்கு இறங்குவது கால் பங்கு என்று வைத்தால் 25 கிராம். அடுத்த தலைமுறைக்கு இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் எந்த மீனும் 25 கிராம் கூடுதலாகவே நிற்கும். ஆகவே சராசரி எடை மீன்களிலும் சில ஜோடியைத் தனியே வைத்து, அவற்றின் குஞ்சையும் வேறு துடுப்பு வெட்டி அதே குளத்தில் விட்டு நிறுத்துப் பாருங்கள்.