கேட் மாக் டெஸ்ட்ல மார்க் ஏறவே மாட்டேங்குதா? அடுத்த மாக் எழுதுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க

டிசம்பர் வந்துருச்சு, சிலபஸ் முக்கால்வாசி முடிச்சாச்சு, ஒரு நம்பிக்கைல கேட்டுக்கு, அதாவது எம்.டெக் சேர எழுதுற GATE எக்ஸாமுக்கு, ஃபுல் மாக் (முழு நீள மாதிரித் தேர்வு) எழுதுறீங்க, 100-க்கு 23 வருது. சரி இன்னிக்கு மூடு சரியில்லன்னு ரெண்டு நாள் கழிச்சு இன்னொண்ணு எழுதுனா 21. இந்த இடத்துல நம்ம பசங்க வழக்கமா ரெண்டுல ஒண்ணு பண்ணுவாங்க, இன்னொரு கம்பெனியோட டெஸ்ட் சீரிஸைக் காசு குடுத்து வாங்குவாங்க, இல்லன்னா முதல் சப்ஜெக்ட்ல இருந்து திரும்பவும் வீடியோ பாக்க உக்காந்துருவாங்க. ரெண்டுமே வேஸ்ட். ஓட்டை எங்க இருக்குன்னு பாக்காம குடத்துல தண்ணி ஊத்துற மாதிரிதான் அது.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேப்பரை வச்சு சொல்றேன், மத்த பிராஞ்சுக்கும் பேட்டர்ன் கிட்டத்தட்ட இதேதான், உதாரணத்தை மட்டும் உங்க பாடத்துக்கு மாத்திக்கோங்க.

முதல்ல அந்த 23-ஐ அளந்து பாருங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஜெனரல் கேட்டகிரி கட் ஆஃப், அதாவது குவாலிஃபை ஆக எடுக்க வேண்டிய குறைஞ்சபட்ச மார்க், 2022-ல 25, 2023-ல 32.5, 2024-ல 27.6. அதாவது 2022, 2024 மாதிரி வருஷத்துல 100-க்கு 30 வாங்குனாலே இந்த எக்ஸாம்ல ஃபெயில் இல்ல, காலேஜ் செமஸ்டர் கண்ணோட பாத்தா பயமாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு, குவாலிஃபை ஆகுறது வேற சீட் கிடைக்கிறது வேற, கட் ஆஃப் மார்க் எடுத்தா 1000-க்கு 350-தான் ஸ்கோர் வரும், அதை வச்சுட்டு ஐஐடி எம்.டெக் கேக்க முடியாது. அதனால 23 ரொம்ப மோசமும் இல்ல, விட்டுடலாம்னு இருக்குற மார்க்கும் இல்ல.

அடுத்து, அந்த மாக் யார் போட்ட பேப்பர்னு பாருங்க. நிறைய டெஸ்ட் சீரிஸ்ல கேள்வி நீளமா, கணக்கு வேணும்னே இழுத்தடிக்கிற மாதிரி இருக்கும், நிஜ கேட் பேப்பர்ல கணக்கு சின்னது, கான்செப்ட்லதான் கொக்கி இருக்கும். அதனால நீங்க இதுவரைக்கும் பாக்காத ஒரு பழைய வருஷ கேட் பேப்பரை டவுன்லோட் பண்ணுங்க, ஃப்ரீயாவே கிடைக்கும், முழுசா 3 மணி நேரம் டைமர் வச்சு எழுதுங்க. அதுல 35 வந்து மாக்ல 23 வந்துச்சுன்னா டெஸ்ட் சீரிஸ்தான் கொஞ்சம் ஓவர், கவலைய விடுங்க. ரெண்டுலயும் 23-தான்னா கீழ சொல்றது உங்களுக்குத்தான்.

இப்ப முக்கியமான வேலை. மாக் எழுத 3 மணி நேரம் ஆச்சுன்னா அதைப் பிரிச்சுப் பாக்கவும் குறைஞ்சது 3 மணி நேரம் ஒதுக்குங்க, சொல்யூஷன் வீடியோவை 2எக்ஸ்ல ஓட்டிட்டு ஆமா ஆமா இது தெரியும்னு தலையாட்டுறது கணக்குல வராது. ஒரு நோட்டை எடுத்து தப்பானது, விட்டது ரெண்டையும் நாலு குவியலாப் பிரிங்க. முதல் குவியல், சுத்தமா தெரியாதது. ரெண்டாவது, படிச்சது ஆனா அந்த நேரத்துல ஞாபகம் வரல. மூணாவது, தெரியும் ஆனா கணக்கு, யூனிட், கேள்விய படிச்ச விதம் இதுல எங்கயோ கோட்டை விட்டது. நாலாவது, தொட்டிருக்கவே கூடாதது, அதாவது குருட்டடி அடிச்சு நெகட்டிவ் வாங்குனது, இல்லன்னா 8 நிமிஷம் முட்டி மோதி 2 மார்க் கூட வராம போனது. ஒவ்வொரு குவியலுக்கும் எத்தனை மார்க்னு பக்கத்துலயே கூட்டி எழுதுங்க, அந்த மொத்தத்தைப் பாத்தாதான் அடுத்த வாரம் என்ன பண்ணனும்னு தெரியும். எனக்குத் தெரிஞ்சு பெரும்பாலான பேருக்கு மூணாவதும் நாலாவதும் சேர்ந்தா முதல் குவியலை விட பெருசா இருக்கும், ஆனா எல்லாரும் உழைக்கிறது முதல் குவியலுக்கு மட்டும்தான்.

நாலாவது குவியல்ல இருந்தே ஆரம்பிப்போம், ஏன்னா இதுக்கு ஒரு பக்கம் கூட புதுசா படிக்க வேணாம். மொத்தம் 65 கேள்வி, 30 கேள்வி ஒரு மார்க், 35 கேள்வி ரெண்டு மார்க். நாலு ஆப்ஷன்ல ஒண்ணு செலக்ட் பண்ற எம்சிக்யூவுக்கு மட்டும்தான் நெகட்டிவ், ஒரு மார்க் கேள்வி தப்பானா 1/3, ரெண்டு மார்க் தப்பானா 2/3. ஒண்ணுக்கு மேல சரியா இருக்கக்கூடிய எம்எஸ்க்யூவுக்கும், நம்பர் டைப் பண்ற என்ஏடிக்கும் நெகட்டிவே கிடையாது. ஒருத்தர் 34 மார்க்குக்கு சரியா போட்டுட்டு, ஒரு மார்க் எம்சிக்யூல 9 தப்பு, ரெண்டு மார்க்ல 9 தப்பு விட்டார்னு வைங்க, 3-ம் 6-ம் போய் கையில 25. அந்த 9 மார்க் ஒரு முழு சப்ஜெக்டோட வெயிட்டேஜ், சும்மா தூக்கிக் குடுத்தாச்சு.

அதுக்காக கெஸ்ஸே பண்ணக்கூடாதுன்னும் இல்ல, கணக்குப் போட்டுப் பாருங்க. நாலு ஆப்ஷன்லயும் ஒண்ணுமே தெரியாம அடிச்சா சராசரியா லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல, பூஜ்யம். ஒரு ஆப்ஷனை இது கண்டிப்பா இல்லன்னு தள்ள முடிஞ்சா ஒரு மார்க் கேள்விக்கு சராசரி 1/9 லாபம், ரெண்டைத் தள்ளிட்டா 1/3 லாபம். அதனால ரெண்டு ஆப்ஷனைக் காரணத்தோட அடிக்க முடிஞ்சா போடுங்க, இல்லன்னா விட்டுட்டுப் போயிருங்க. அந்த ‘காரணத்தோட’ முக்கியம், ஏன்னா கேள்வி எடுக்குறவங்க நீங்க பாதியில நிறுத்துனா என்ன விடை வருமோ அதையே ஒரு ஆப்ஷனா வச்சிருப்பாங்க, அரைகுறையா தெரிஞ்ச பாடத்துல மனசு போற ஆப்ஷன் குருட்டடிய விட மோசம். எம்எஸ்க்யூவும் என்ஏடியும் ஒண்ணைக் கூட காலியா விடாதீங்க, ஆனா எம்எஸ்க்யூல பாதி சரிக்கு பாதி மார்க் கிடையாது, எல்லா சரியான ஆப்ஷனும் டிக் ஆகி, தப்பான ஒண்ணு கூட டிக் ஆகாம இருந்தாதான் மார்க்.

இதுல இன்னொரு சின்ன கண்ணி இருக்கு. ஆன்சரையும் போட்டு மார்க் ஃபார் ரிவ்யூவும் (அப்புறம் பாக்கலாம்னு குறிச்சு வைக்கிற பட்டன்) குடுத்து வச்சீங்கன்னா அந்த ஆன்சருக்கும் மார்க் போடுவாங்க, பாத்துக்கலாம்னு சும்மா ஒரு ஆப்ஷன் வச்சுட்டு மறந்தா நெகட்டிவ் வந்துரும். சந்தேகம்னா கிளியர் ரெஸ்பான்ஸ் அடிச்சுட்டு ரிவ்யூல போடுங்க.

மூணாவது குவியல், அதாவது கேர்லெஸ் மிஸ்டேக். அடுத்த தடவை கவனமா இருக்கணும்னு நோட்ல எழுதுறதுல பைசா பிரயோஜனம் இல்ல, எந்த மாதிரி தப்புன்னு பேர் வச்சு எழுதுங்க. உதாரணம், 32 பிட் அட்ரஸ், பேஜ் சைஸ் 4 கேபி, ஒரு என்ட்ரி 4 பைட், பேஜ் டேபிள் சைஸ் எத்தனை எம்பின்னு கேட்டா 2^20 என்ட்ரி, ஆக 4 எம்பி, விடை 4. இதுல 4096-னு கேபில டைப் பண்ணிட்டு வர்றவங்க அவ்ளோ பேர் இருக்காங்க, கான்செப்ட் முழுசா தெரிஞ்சும் முட்டை. அதே மாதிரி மெமரில கிலோன்னா 1024, நெட்வொர்க் ஸ்பீடுல மெகான்னா 10^6, ரெண்டும் ஒரே கேள்வில வரும், 1024 பைட் பாக்கெட்டை 1 Mbps லிங்க்ல அனுப்ப 8.192 மில்லிசெகண்ட், 8 இல்ல. எது சரி இல்லன்னு கேட்டதை எது சரின்னு படிக்கிறது, நடு ஸ்டெப்லயே ரவுண்ட் பண்ணி கடைசி டெசிமல் மாறிப் போறது, இதெல்லாம் தனித்தனி தப்பு. ரெண்டு மூணு மாக் பிரிச்சா உங்களுக்குன்னு அடிக்கடி வர்ற தப்பு நாலஞ்சுதான் இருக்கும்னு தெரிஞ்சுரும், அந்த லிஸ்ட்டை அடுத்த மாக் எழுதுறப்போ ரஃப் ஷீட்டோட மேல எழுதி வச்சுட்டு உக்காருங்க.

கால்குலேட்டர் விஷயமும் இதுலதான் வரும். எக்ஸாம்ல உங்க கேசியோவுக்கு வேலை இல்ல, ஸ்க்ரீன்ல வர்ற விர்ச்சுவல் கால்குலேட்டர்தான், கீபோர்டும் ஓடாது, என்ஏடி நம்பரைக் கூட மவுஸால கிளிக் பண்ணிதான் போடணும். இப்பவே அதுலயே பழகுங்க, ப்ரௌசர்ல அதே மாதிரி கிடைக்குது. ஃபோன்ல படுத்துக்கிட்டு எழுதுற மாக் எல்லாம் மாக்கே இல்ல.

டைம் பத்தாதவங்க ரெண்டு ரவுண்டா எழுதிப் பாருங்க. முதல் ரவுண்ட்ல 65 கேள்வியையும் ஒரு தடவை தொட்டுருங்க, படிச்ச உடனே வழி தெரியிறதை மட்டும் போடுங்க, ஒரு நிமிஷத்துல வழி தெரியலன்னா மார்க் பண்ணிட்டு நகருங்க, ஈகோ பாக்காதீங்க. ஒண்ணே முக்கால் மணி நேரத்துல இது முடியணும். மிச்ச நேரம் ரெண்டாவது ரவுண்டுக்கு, அதுல கடைசி 10 நிமிஷம் என்ஏடி எல்லாம் கேட்ட யூனிட்லயே இருக்கான்னு சரி பாக்க. கடைசிப் பக்கத்துல ஈஸியான கேள்வி இருந்து அதைப் பாக்காமலே டைம் முடியிறது மாதிரி எரிச்சல் வேற இல்ல.

ரெண்டாவது குவியலுக்கு ரிவிஷன்தான் மருந்து, அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

முதல் குவியல், தெரியாத பாடம். ரெண்டு மாசம் இருந்தா படிக்கலாம், ஒரு மாசம்தான் இருக்குன்னா எல்லாத்தையும் தொடாதீங்க, குறைஞ்ச நேரத்துல மார்க் தர்றதை மட்டும் எடுங்க. ஜெனரல் ஆப்டிட்யூட் 10 கேள்வி 15 மார்க், இதை மதிக்காம விடுறவங்கதான் அதிகம், தினமும் அரை மணி நேரம் பழைய பேப்பர் ஆப்டிட்யூட் மட்டும் போட்டாலே 8-ல இருக்குறவங்க 12-க்கு வந்துரலாம். இஞ்சினியரிங் மேத்ஸ் 13 மார்க், அதுல லீனியர் அல்ஜீப்ராவும் ப்ராபபிலிட்டியும் முதல்ல, ஐகன் வேல்யூ எல்லாம் கூட்டுனா ட்ரேஸ், பெருக்குனா டிடர்மினன்ட், இந்த ஒரு வரில முடியிற கேள்வி திரும்பத் திரும்ப வருது. அப்புறம் டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ்) நார்மல் ஃபார்ம், ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) ஷெட்யூலிங், சப்நெட்டிங், டிஜிட்டல் லாஜிக், இதெல்லாம் வழிமுறை தெரிஞ்சா விடை வந்துரும். அல்காரிதம்ல கஷ்டமான கேள்விக்கு ஒரு வாரம் செலவழிக்கிறதை நான் இந்த நேரத்துல பரிந்துரைக்க மாட்டேன், சண்டைக்கு வர்றவங்க வரலாம். கான்செப்டே புரியலன்னா என்பிடெல்ல (ஐஐடி ஆசிரியர்களோட ஃப்ரீ ஆன்லைன் வீடியோ பாடம்) அந்த ஒரு லெக்சரை மட்டும் பாருங்க, பாத்த கையோட அந்த டாபிக்ல பழைய கேள்வி எல்லாத்தையும் போட்டுருங்க.

மாக் எத்தனைன்னு கேப்பீங்க. வாரத்துக்கு ரெண்டு போதும், நடுவுல இருக்குற நாள் எல்லாம் குவியலை அள்ளுறதுக்கு. காலைல 9:30 இல்ல மதியம் 2:30-க்கு உக்காருங்க, எக்ஸாம் ஸ்லாட் அதுதான், ராத்திரி 11 மணிக்கு எழுதிப் பழகுனவங்களுக்கு மதியம் சாப்பிட்டதும் கண்ணு சொருகும். வேலைக்குப் போறவங்க சனி ஞாயிறுல ஒண்ணு முழு மாக், வார நாள்ல ஒரு மணி நேர டாபிக் டெஸ்ட், அவ்ளோதான் முடியும், அதுவே போதும். பொங்கல் லீவுதான் கடைசியா கிடைக்கிற நீளமான கேப், அதை முன்னாடியே பிளான் பண்ணி வைங்க, சொந்தக்காரங்க வந்து என்னப்பா மார்க் வருதுன்னு கேட்டா போயிட்டு இருக்கு மாமான்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிருங்க.

மார்க் நேர்க்கோட்டுல ஏறாது, 24, 31, 27, 35-ன்னு குதிச்சு குதிச்சுதான் போகும், ஒரு மாக்கோட ஒரு மாக்கை ஒப்பிடாம மூணு மாக் சராசரிய பாருங்க. அதை விட முக்கியம் நெகட்டிவ் மார்க் மட்டும் தனியா குறையுதான்னு பாக்குறது, அதுதான் முதல்ல அசையும். நாலு மாக்குக்கு அப்புறமும் அதே நெகட்டிவ்னா ஃபுல் மாக்கை ஒரு வாரம் நிறுத்திட்டு, சப்ஜெக்ட் டெஸ்ட்ல எம்சிக்யூவுக்கு எல்லாம் ஏன் மத்த மூணு ஆப்ஷனும் தப்புன்னு எழுதிப் பழகுங்க, மெதுவாத்தான் போகும், போகட்டும்.

பிப்ரவரில எக்ஸாமுக்கு நாலு நாள் முன்னாடி மாக்கை மொத்தமா நிறுத்திருங்க, அப்ப வர்ற மோசமான மார்க்கை சரி பண்ண நேரம் இருக்காது. அந்த நோட்டையும் ஃபார்முலா ஷீட்டையும் மட்டும் புரட்டுங்க, அட்மிட் கார்டை பிரிண்ட் எடுத்து வைங்க, அப்ளிகேஷன்ல குடுத்த அதே ஐடி ஒரிஜினலா பையில இருக்கான்னு பாருங்க, ஜெராக்ஸ் காட்டுனா உள்ள விட மாட்டாங்க.