மந்தைக்கு ஒரே குப்பியா? கால்நடை உண்ணிகளில் வைரஸ் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் களத்திலிருந்து திரும்பி, என் மேசையில் ஒரு பிளாஸ்டிக் குப்பியை வைத்தார்கள். உள்ளே இருநூறுக்குக் குறையாத உண்ணிகள். மேலே ஒட்டியிருந்த சீட்டில் "மந்தை 4, மாடுகள்" என்று மட்டும் எழுதியிருந்தது. வெயிலில் அலைந்து, மாட்டிடம் உதை வாங்கி, நாள் முழுக்க உழைத்திருக்கிறார்கள். அந்தத் திருப்தி முகத்தில் தெரிந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன் இதே மாதிரிக் குப்பிகளோடு நானும் ஓர் ஆய்வக வாசலில் நின்றிருக்கிறேன்.

கையுறை போடுங்கள், ஐஸ் பெட்டியை மறக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. கையேட்டைப் படித்துவிட்டு, அக்கறையோடு வேலை செய்கிறவர்களே செய்யும் தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

மந்தைக்கு ஒரு குப்பி

இந்த ஒரு தவறு இன்னும் எனக்கு ஆறவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்தப் பருவம் முழுக்க நாங்கள் மந்தை மந்தையாகப் போய் உண்ணி சேகரித்தோம். ஒரு மந்தைக்கு ஒரு குப்பி. ஆய்வகத்தில் அவற்றைப் பத்துப் பத்தாகப் பிரித்து, அரைத்து, பிசிஆர் (வைரஸின் மரபுப் பொருளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) போட்டோம். ஒரு தொகுப்பில் கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் வைரஸ் பாசிட்டிவ் வந்தது. மனிதர்களில் நோய் கண்டவர்களில் 10 முதல் 40 சதவீதம் பேர் வரை இறக்கக்கூடிய நோய் இது. பதறிப்போய் வைராலஜி தெரிந்த மூத்தவர் ஒருவரை அழைத்தோம். அவர் மூன்றே மூன்று கேள்வி கேட்டார். எந்த இன உண்ணி? ரத்தம் குடித்ததா, குடிக்காததா? எந்த மாட்டிலிருந்து எடுத்தது, அந்த மாட்டின் ரத்தம் இருக்கிறதா?

மூன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. உண்ணிகளை அரைத்தாகிவிட்டது. மந்தையில் எது எந்த மாடு என்று யாருக்கும் நினைவில்லை. பாதி மாடுகள் அதற்குள் கைமாறிப் போயிருந்தன. ஒரு பருவத்தின் உழைப்பில் மிஞ்சியது "எங்கோ ஒரு மந்தையில் ஏதோ இருக்கலாம்" என்ற ஒரு வரிதான். அதை வைத்துக்கொண்டு யாரை எச்சரிப்பது?

அந்த மூன்று கேள்விகளும் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை இப்படிப் பாருங்கள். வயிறு முட்டக் குடித்த ஒரு பெண் உண்ணி, பட்டினியாக இருந்தபோது இருந்ததைவிட நூறு மடங்கு வரை எடை கூடியிருக்கும். அதை நசுக்கினால் உங்கள் கையில் இருப்பதில் பெரும்பகுதி மாட்டின் ரத்தம். இந்த வைரஸ் தொற்றிய மாடு, ஆடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். காய்ச்சல் தெரியாது, தீனி குறையாது. ஆனால் ஒரு வாரம் போல ரத்தத்தில் வைரஸ் ஓடும். அந்த வாரத்தில் அதன் மேல் இருக்கிற எல்லா உண்ணியும் அதே ரத்தத்தைத்தான் குடிக்கும். ஒரே மாட்டில் எடுத்த பன்னிரண்டு உண்ணியிலும் பாசிட்டிவ் வந்தால், நீங்கள் கண்டது பன்னிரண்டு தொற்றிய உண்ணிகளை அல்ல. தொற்றிய ஒரு மாட்டைப் பன்னிரண்டு முறை கண்டிருக்கிறீர்கள்.

இதில் இனம் ஏன் வருகிறது? ரிப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ் என்ற சாதாரண மாட்டு உண்ணி, குஞ்சாக ஏறியதிலிருந்து பெண்ணாகப் பருத்து விழும் வரை ஒரே மாட்டில் இருக்கும். அதற்குள் வைரஸின் ஆர்என்ஏ, அதாவது மரபுப் பொருள், கிடைத்தால் அது பெரும்பாலும் அந்த மாட்டின் கதை. ஹயலோமா என்ற உண்ணி வகை அப்படி இல்லை. பல ஹயலோமா இனங்கள் சிறு வயதில் முயல், பறவை போன்ற உயிர்களைக் கடித்து, வளர்ந்த பிறகு மாட்டுக்கு வருகின்றன. வைரஸை உடம்பில் வைத்துக்கொண்டு, தோல் உரித்து, அடுத்த உயிருக்குக் கொடுக்கின்றன. கிரிமியன்-காங்கோ வைரஸை முதன்மையாகப் பரப்புவது ஹயலோமாதான். இந்த இரண்டையும் ஒரே குழாயில் போட்டு அரைத்துவிட்டு "உண்ணியில் வைரஸ் உள்ளது" என்று எழுதினால், படிக்கிறவர் எந்த உண்ணியைக் கட்டுப்படுத்துவார்?

இப்போது நாங்கள் செய்வது இதுதான். ஒரு மாட்டுக்கு ஒரு குப்பி, மாட்டுக்கு ஓர் எண். உண்ணி எடுத்த கையோடு அதே மாட்டின் ரத்தமும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறோம். ஆய்வகத்தில் குளிர்ந்த தட்டின் மேல் வைத்து, உருப்பெருக்கியில் இனம், ஆண் பெண், எவ்வளவு குடித்திருக்கிறது என்று பிரிக்கிறோம். ஹயலோமாவுக்கு வாய்ப்பகுதி நீளம், கால்களில் வெள்ளைப் பட்டை தெரியும். மைக்ரோபிளஸுக்கு வாய் குட்டை. ஒரு வாரம் பழகினால் கண் பிடித்துக்கொள்ளும். ஒரே மாட்டின், ஒரே இனத்தின், ஒரே நிலையில் இருக்கும் உண்ணிகள் மட்டும்தான் ஒரு தொகுப்பில் சேரும். உண்ணியில் பாசிட்டிவ் வந்து மாட்டின் ரத்தத்தில் நெகட்டிவ் என்றால், வைரஸை உண்ணியே சுமந்து வந்திருக்கலாம். இரண்டிலும் வந்தால், அது குடித்த ரத்தத்தில் இருந்ததாகவே இருக்கலாம். உண்ணி உண்மையிலேயே வைரஸைச் சுமக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், குடித்து விழுந்த இளம் உண்ணி தோல் உரித்த பிறகு அதைச் சோதிக்க வேண்டும். ஆனால் உயிரோடு வளர்ப்பதற்குப் பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வகம் தேவை. களத்து மேசையில் செய்கிற வேலை இல்லை.

"இப்படிச் செய்தால் நாளைக்கு எட்டு மாடுதான் முடியும்" என்று பயிற்சிக்கு வந்தவர் ஒருவர் சொன்னார். ஆமாம், எட்டுதான் முடியும். அந்த எட்டு மாடும் பேசும். என்னுடைய அந்தப் பருவத்து உண்ணி ஒன்றுகூடப் பேசவில்லை.

பருத்ததை மட்டும் பொறுக்குவது

கண்ணுக்கு முதலில் படுவது திராட்சை மாதிரி தொங்கும் பெண் உண்ணி. அதை மட்டும் எடுத்துவிட்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆண் உண்ணி தட்டையாக, பக்கத்திலேயே ஒட்டிக் கிடக்கும். அது வயிறு முட்டக் குடிப்பதில்லை என்பதால் அதில் கிடைக்கும் பாசிட்டிவுக்கு மதிப்பு அதிகம். காது மடலுக்குள், வால் அடியில், மடிக்கும் தொடைக்கும் இடையில், குளம்புப் பிளவில் விரலை ஓட்டிப் பாருங்கள். கடுகளவு இருப்பதும் உண்ணிதான்.

கடைசியாக எப்போது உண்ணி மருந்து அடித்தார்கள் என்றும் கேளுங்கள். முந்தின நாள் அடித்திருந்தால் அந்த மாடு உங்கள் கணக்கில் வேறு வகை.

மாட்டோடு நின்றுவிடுவது

1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்குக் காய்ச்சல் வந்தது. குரங்குக் காய்ச்சல் என்று இன்று சொல்கிறோமே, அதுதான். அதைப் பரப்பும் முக்கிய உண்ணியான ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா வளர்ந்த பிறகு மாட்டில் ரத்தம் குடிக்கிறது. மாடு அந்த உண்ணியின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது, ஆனால் வைரஸைப் பெருக்குவதில்லை. மனிதர்களைக் கடித்து நோயைத் தருவது பெரும்பாலும் காட்டுத் தரையில் இருக்கும் இளம் உண்ணிகள். மாட்டில் மட்டும் தேடியவர் "ஒன்றுமில்லை" என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் காட்டில் விறகு பொறுக்கப் போனவருக்குக் காய்ச்சல் வந்திருக்கும். ஆக, எந்த வைரஸைத் தேடுகிறோமோ அதன் சுழற்சியைப் பார்த்துத்தான் எங்கே தேடுவது என்று முடிவெடுக்க வேண்டும்.

தரையில் தேடும்போதும் ஒரே முறை போதாது. வெள்ளைத் துணியைப் புல் மேல் இழுத்தால், புல் நுனியில் காத்திருக்கும் இனங்கள் ஒட்டும். வளர்ந்த ஹயலோமா அப்படிக் காத்திருப்பதில்லை, ஓடிவந்து பிடிக்கும். அதற்கு, மூச்சுக்காற்றைப் போலக் கார்பன் டை ஆக்சைடை விட்டு உண்ணியை இழுக்கும் பொறி வையுங்கள்.

மார்க்கர் பேனா

உண்ணி கெடாமலிருக்கக் குப்பியில் ஊற்றும் எத்தனால் பட்டால் எழுத்து கரைந்துவிடும். சீட்டில் பென்சிலால் எழுதி, குப்பிக்கு உள்ளே போடுங்கள்.

எத்தனாலை நம்புவது

இனம் பார்க்க 70 சதவீத எத்தனால் நல்லது. ஆர்என்ஏ வைரஸ் தேட, வெயிலில் வைத்த எத்தனால் குப்பி நல்லதல்ல. அப்புறம், உயிருள்ள வைரஸை அதிலிருந்து மீட்கவே முடியாது.

"நெகட்டிவ்" என்பதை "இல்லை" என்று எழுதுவது

முந்நூறு உண்ணி பார்த்தோம், ஒன்றிலும் இல்லை, ஆகவே இந்தப் பகுதி பாதுகாப்பானது என்று ஓர் அறிக்கை வந்தது. மனக்கணக்காகவே போடலாம்: ஒன்றும் கிடைக்காதபோது, 3-ஐ எண்ணிக்கையால் வகுங்கள். 300 உண்ணிக்கு 1 சதவீதம். அதாவது நூற்றில் ஓர் உண்ணி தொற்றியிருந்தாலும் உங்கள் முடிவு இப்படியே வந்திருக்கலாம். எண்ணிக்கையையும் இந்த மேல் வரம்பையும் சேர்த்து எழுதுங்கள், போதும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. உண்ணி குடித்த ரத்தத்தில் இருக்கும் ஹீம் என்ற சிவப்பு நிறப்பொருள் பிசிஆரையே தடுக்கும். ஒவ்வொரு குழாயிலும் வினை நடந்ததா என்று காட்டும் உள் கட்டுப்பாடு வைக்காவிட்டால், சோதனை தோற்றதைத்தான் நெகட்டிவ் என்று எழுதுவீர்கள்.

பாசிட்டிவ் பக்கமும் கணக்கு தவறும். பத்துப் பத்தாக 50 தொகுப்பு, அதில் 30 பாசிட்டிவ் என்று வையுங்கள். தொகுப்புக்கு ஓர் உண்ணிதான் தொற்றியது என்று எண்ணினால் 6 சதவீதம் வரும். ஒரு தொகுப்பில் இரண்டு மூன்று இருந்திருக்கலாம் என்பதையும் கணக்கில் எடுத்தால் 8.8 சதவீதம் வருகிறது. 50-இல் 5 மட்டும் பாசிட்டிவ் என்றால் இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பாசிட்டிவ் குறைவாக இருக்கும்வரை எளிய கணக்கு பரவாயில்லை, கூடினால் அதை விட்டுவிடுங்கள்.

பாசிட்டிவ் வந்த அன்றே அறிவிப்பது

வேண்டாம். முதலில் கிடைத்த வைரஸின் மரபணு எழுத்து வரிசையைப் படியுங்கள். உங்கள் ஆய்வகத்தின் பாசிட்டிவ் கட்டுப்பாட்டோடு (சோதனை வேலை செய்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் மாதிரி) எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால், அது பெரும்பாலும் மாட்டிலிருந்து வரவில்லை, திரவத்தை உறிஞ்சி எடுக்கும் உங்கள் பிப்பெட்டிலிருந்து கலந்து வந்திருக்கிறது. பழைய வைரஸ்களின் துண்டுகள் உண்ணியின் மரபணுத் தொகுப்பிலேயே பதிந்து கிடப்பதும் உண்டு. ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் படியை விட்டுவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்; அப்போதும் பாசிட்டிவ் வந்தால் சந்தேகப்படுங்கள். உண்ணியில் புதிதாகக் கிடைக்கும் வைரஸ்களில் பல உண்ணியோடு நின்றுவிடுபவை. மனிதனுக்குத் தொற்றும் என்பதற்கு மனிதரிடமிருந்து சான்று வேண்டும்.

மாட்டைப் பிடித்திருப்பவரின் கை

நாம் இரட்டைக் கையுறையோடு குனிந்திருப்போம். மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி உரிமையாளர் வெறுங்கையோடு நிற்பார். ஒருமுறை ஒருவர் எனக்கு உதவுவதாக நினைத்து, நான் விட்ட உண்ணியைப் பிடுங்கி, இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்கினார். ரத்தம் அவருடைய நகக்கண்ணில் ஏறியது. அவர் வாழ்நாள் முழுக்கச் செய்கிற காரியம் அது. கடியாலும் பரவும் கிரிமியன்-காங்கோ வைரஸ் இப்படி நசுக்குவதாலும் பரவும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, அடுத்த இரண்டு வாரம் தினமும் போனில் காய்ச்சல் உண்டா என்று விசாரித்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து பெட்டியைத் திறந்ததும் முதல் கையுறை மாட்டைப் பிடிப்பவருக்குத்தான்.

திரும்பிப் போகாதது

ஒரு மணி நேரம் தன் மாட்டைப் பிடித்துக் கொடுத்தவருக்கு முடிவைச் சொல்ல யாரும் போவதில்லை. மறு வருடம் அவர் கொட்டகைக் கதவைத் திறக்காதபோதுதான் நமக்கு உறைக்கிறது. நெகட்டிவ் என்றாலும் போய்ச் சொல்லுங்கள். பாசிட்டிவ் என்றால், மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, விற்கவோ மறைக்கவோ வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். பிறகு மற்றதை. உண்ணியை விரலால் நசுக்க வேண்டாம், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து இழுங்கள். மாடு அறுக்கும்போதும் ரத்தத்தில் கை படாமல் பாருங்கள். காய்ச்சல் வந்தால் உண்ணி கடித்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நாங்கள் இப்போது கிளம்பும்போது ஓர் இடுக்கியும், சோப்புத் தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட டப்பா ஒன்றும் கொட்டகையில் வைத்துவிட்டு வருகிறோம். போன தடவை போனபோது அந்த டப்பாவில் இருபத்தேழு உண்ணி கிடந்தது. எந்த மாட்டில் எடுத்தது என்பதை மூடி மேல் கரியால் எழுதி வைத்திருந்தார்.